மீந்த ஓவியத் துணுக்குகளில் வாழ்த்து அட்டை: எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

ஓவியப் பழக்கம் உள்ள எவரிடமும் மிச்சத்தாள்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். பாதியில் நின்றுபோன நீர்வண்ண ஓவியங்கள், வண்ணக் கலவையைச் சோதித்துப் பார்த்த ஓரத்துண்டுகள், சட்டத்தின் அளவுக்கு வெட்டியபின் விழுந்த நீளப் பட்டைகள், அச்செடுக்கையில் சரியாகப் பதியாத தாள்கள் என்று அவை பலவகை. இவற்றைக் கொண்டு வாழ்த்து அட்டை செய்யலாம் என்று முடிவு செய்தவுடன், எந்த முறையில் செய்வது என்ற கேள்வி எழுகிறது. நல்ல பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அட்டையில் ஒட்டலாம். தாள்களைக் கிழித்து ஒட்டுச்சித்திரமாக்கலாம். பட்டைகளாக நறுக்கி அடுக்கலாம். எல்லாவற்றையும் ஊறவைத்துக் கூழாக்கிப் புதிய தாளே செய்துகொள்ளலாம். நான்குமே நல்ல முறைகள்தான் என்றாலும், எல்லாத் துணுக்குக்கும் எல்லாத் தேவைக்கும் ஒரே முறை பொருந்துவதில்லை.

துணுக்கை எந்த முறை மிகக் குறைவாக மாற்றுகிறதோ, அந்த முறையையே முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மீந்த தாளில் மதிப்புள்ளது தாளோ வண்ணமோ அன்று. அவை மீண்டும் கிடைக்கும். ஈரம் தேங்கிய இடத்தில் நிறமி ஒதுங்கி உண்டான விளிம்பும், தூரிகை உலர்ந்துபோய்த் தாளின் மேடுகளை மட்டும் தொட்டுச் சென்ற தடமும், சோதனைக்காகத் தீட்டியதால் தயக்கமின்றி விழுந்த வண்ணமும் திட்டமிட்டு மறுபடி செய்ய முடியாதவை. இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. வெட்டியெடுத்த துண்டு பிடிக்கவில்லை என்றால் அதைப் பிறகு கிழித்து ஒட்டலாம். கிழித்தது பயன்படவில்லை என்றால் கூழாக்கலாம். கூழாக்கியதை ஓவியமாக மீட்க வழியே இல்லை.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் துணுக்குகளைப் பிரித்து வைப்பது அவசியம். நிறத்தின்படி பிரிப்பதே பலரின் வழக்கம். தாளின் தடிமனையும் அதன்மேல் உள்ள வண்ணத்தின் தன்மையையும் வைத்துப் பிரிப்பது அதைவிடப் பயன்தரும். தாளின் கனம் ஜிஎஸ்எம் என்ற அளவில், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, குறிக்கப்படுகிறது. அச்சுப்பொறிகளில் பயன்படும் வெள்ளைத்தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம் வரை இருக்கும்; நீர்வண்ணத்துக்கான தாள்களில் 300 ஜிஎஸ்எம் பரவலானது. முன்னதை எட்டு மடிப்பாக மடித்தாலும் பணிந்துபோகும். பின்னதோ மடிப்புக் கோட்டை முன்பே அழுத்திக் கீறிவிடாமல் மடித்தால் மடிப்பில் வெடித்துவிடும். எனவே மெல்லிய தாள்கள் பட்டை வேலைக்கும் ஒட்டுச்சித்திரத்துக்கும், தடித்த தாள்கள் வெட்டியெடுத்துப் பதிப்பதற்கும் இயல்பாகவே ஒதுங்கிவிடுகின்றன.

வண்ணத்தின் தன்மை இதைவிட முக்கியமானது. நீர்வண்ணம் உலர்ந்த பிறகும் ஈரம் பட்டால் கசியக்கூடியது. ஆகவே நீர்த்தன்மை மிகுந்த பசை அதற்கு ஆகாது. அக்ரிலிக் நீரில் கரையாது, ஆனால் அதன் படலம் மென்மையான பிளாஸ்டிக் போன்றது. இரண்டு அக்ரிலிக் பரப்புகளை முகத்தோடு முகம் வைத்து அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வண்ணம் உரிந்துவரும். ஆயில் பேஸ்டல் எத்தனை நாள் வைத்தாலும் முழுமையாகக் காய்வதில்லை. மெழுகுக் கிரேயான் பூசிய இடத்தில் நீர்ப்பசை பிடிப்பதில்லை. சுண்ணத்தன்மையுள்ள மென்பேஸ்டலும் கரித்துண்டும் தொட்ட இடத்திலெல்லாம் தூளாக உதிரும். எண்ணெய் வண்ணம் தீட்டிய வெறுந்தாளில் எண்ணெய் ஊறிப் பரவி, நாளடைவில் தாளையே பழுப்பாக்கி நொறுங்கச் செய்துவிடும். அத்தகைய துண்டுகளை வாழ்த்து அட்டைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

இனி முதல் முறைக்கு வருவோம். நல்ல பகுதியைத் தேடி வெட்டியெடுத்து, அதைவிடச் சற்றுப் பெரிய அட்டையில் பதிப்பதுதான் இது. எளிமையாகத் தோன்றுவதாலேயே பலர் இதைத் தொடக்கநிலை வேலை என்று ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் நான்கு முறைகளிலும் கண்ணுக்கு அதிக வேலை தருவது இதுவே. தோற்றுப்போன ஓவியம் என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் முழுத்தாளாகப் பார்க்கையில் தோற்றது. அதன் உள்ளங்கையளவு பகுதி ஒன்று முற்றிலும் வெற்றி பெற்றிருக்கலாம். அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்க, ‘எல்’ வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளை அட்டைகள் போதும். அவற்றை எதிரெதிராக வைத்தால் ஒரு சன்னல் உண்டாகும். இரண்டையும் நகர்த்தி நகர்த்திச் சன்னலைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், ஓவியத்தின்மேல் எங்கும் கொண்டுசெல்லலாம். வெள்ளை அட்டை சுற்றுப்புறத்தை மறைப்பதால், சன்னலுக்குள் இருப்பது தனி ஓவியமாகக் கண்ணுக்குப் படும்.

இப்படித் தேடும்போது தாளைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்க்க வேண்டும். நேராக வைத்திருக்கும்போது நாம் வரைய நினைத்த பொருளே கண்ணில் நிற்கிறது; திருப்பியபின் அந்தப் பொருள் மறைந்து, வண்ணமும் வடிவமும் மட்டும் எஞ்சுகின்றன. அடர்ந்த நிறமும் வெளிறிய நிறமும் சந்திக்கும் விளிம்பு ஒன்றாவது சன்னலுக்குள் இருந்தால் அந்தத் துண்டு பெரும்பாலும் நிலைத்து நிற்கும். எல்லா இடமும் ஒரே அடர்த்தியாக இருக்கும் துண்டு, பெரிய தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அட்டையில் பதித்தபின் வெறும் நிறப்பட்டையாகத் தட்டையாகிவிடுகிறது. அத்தகையதை இரண்டாம் முறைக்கோ மூன்றாம் முறைக்கோ ஒதுக்கிவைக்கலாம்.

வெட்டிய துண்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. ஏ6 அளவுள்ள அட்டையில், அதாவது 105 மில்லிமீட்டர் அகலமும் 148 மில்லிமீட்டர் உயரமும் உள்ள முகப்பில், ஓவியத் துண்டு பாதி இடத்தை எடுத்துக்கொண்டாலே போதும். அடிப்பக்க விளிம்பு மேல்பக்க விளிம்பைவிடச் சற்று அகலமாக இருந்தால் படம் கீழே வழுக்கி விழுவதுபோல் தோன்றாது. ஓவியங்களுக்குச் சட்டம் போடுவோர் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. உதிரும் தன்மையுள்ள பேஸ்டலும் கரித்துண்டும் இம்முறையில் சேர வேண்டுமென்றால், துண்டை மேலே ஒட்டாமல், அட்டையில் சன்னல் வெட்டி அதன் பின்புறத்திலிருந்து பதிக்க வேண்டும். அட்டையின் தடிமன் ஒரு சிறு இடைவெளியை உண்டாக்குவதால் ஓவியப் பரப்பு உறையின்மேல் உராய்வது பெருமளவு குறையும். தூள் உதிராமல் பிடித்துவைக்கும் நிலைநிறுத்தித் தெளிப்பானை அடிப்பது இன்னொரு வழி. ஆனால் அது வண்ணங்களைச் சற்றுக் கருமையாக்கும் என்பதால் சன்னல் முறையையே நான் விரும்புகிறேன்.

இந்த முறையின் குறை வெளிப்படையானது. ஒரு பெரிய தாளிலிருந்து இரண்டு மூன்று நல்ல பகுதிகளே கிடைக்கும். மீதி மீண்டும் மிச்சமாகவே நிற்கும். ஒரே மாதிரியான அட்டைகள் பல வேண்டும் என்றாலும் இம்முறை கைகொடுக்காது. ஒருவருக்கென்று ஓர் அட்டை செய்யும்போது, குறிப்பாக ஆறுதலோ நன்றியோ சொல்ல வேண்டிய வேளையில், இதற்கு ஈடானது மற்ற மூன்றில் எதுவும் இல்லை என்பேன். ஓர் அமைதியான துண்டு, அதைச் சுற்றி நிறைய வெண்மை என்ற அமைப்பு அத்தகைய சொற்களுக்கு இடம்கொடுத்து ஒதுங்கி நிற்கிறது.

இரண்டாவது முறை கிழித்தோ வெட்டியோ ஒட்டும் ஒட்டுச்சித்திரம். கிழிப்பதா வெட்டுவதா என்பதே இதற்குள் முதல் தேர்வு. வெட்டிய விளிம்பு கூர்மையானது; அதில் ஏற்படும் சிறு பிசகும் கண்ணில் குத்தும். கிழித்த விளிம்பு பிசகுகளை ஏற்றுக்கொள்ளும். வண்ணம் பூசிய தாளைக் கிழிக்கும்போது பிரியும் இரண்டு துண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் உள்ளிருக்கும் வெள்ளை நார் தெரியும், மற்றதில் வண்ணம் ஓரம்வரை நிற்கும். கைகளை எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதே எது எதில் அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது. பயனற்ற துண்டில் இரண்டு முறை கிழித்துப் பார்த்தாலே இது கைக்கு வந்துவிடும். அந்த வெள்ளை ஓரம் அலை நுரையாகவோ மலை முகட்டின் ஒளியாகவோ தானே மாறுவதால், நிலக்காட்சிகளுக்குக் கிழிப்பதே பொருத்தம். ஜப்பானியரின் சிகிரி-எ கலை கிழித்த காகிதத்தாலேயே ஓவியம் செய்வது. நீண்ட நார்களைக் கொண்ட அவர்களது கைத்தாள் கிழியும்போது ஓரத்தில் மென்மையான இழைகள் நீண்டு நிற்கும். நம்மிடம் மீந்திருக்கும் தடித்த நீர்வண்ணத் தாள் அவ்வளவு மென்மையாகக் கிழியாது. நீரில் நனைத்த தூரிகையால் ஒரு கோடு இழுத்து, ஈரம் ஊறியதும் அந்தக் கோட்டின் வழியே பிரித்தால் ஓரளவு அந்தத் தன்மை கிடைக்கும்.

பூ, இலை, பறவை போன்ற நுண்ணிய வடிவங்களுக்குக் கத்தரியே வேண்டும். இங்கிலாந்தின் மேரி டெலானி 1772-இல், தம் எழுபதாவது வயதைக் கடந்தபின், வண்ணத் தாள்களை நுணுக்கமாக வெட்டிக் கரிய பின்னணியில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார்; பத்து ஆண்டுகளில் அவர் செய்த ஏறத்தாழ ஆயிரம் தாள்பூக்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அட்டை செய்பவர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கரிய பின்னணியை. ஒன்றோடொன்று சேராத பல நிறத் துணுக்குகளை வெள்ளை அட்டையில் ஒட்டினால் சிதறலாகத் தெரியும். அவற்றையே கருநீலத்திலோ கறுப்பிலோ ஒட்டினால் ஒரே குடும்பமாகிவிடும். நகத்தளவே உள்ள துண்டுகள் நிறைய வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பல அட்டைகள் வேண்டுமென்றால் ஒட்டுச்சித்திரத்தை முகப்பில் நேரடியாகச் செய்யாமல், முதலில் ஒரு பெரிய தாள் முழுவதும் செய்துவிட்டுப் பிறகு அதை வெட்டிக்கொள்வது நல்லது. ஓர் ஏ3 தாளில் சரியாக எட்டு ஏ6 துண்டுகள் அடங்கும். எட்டும் ஒரே வண்ணக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கும், ஆனால் எதுவும் மற்றதன் நகலாக இராது. வெட்டுவதற்கு முன் அந்த ‘எல்’ அட்டைச் சன்னலை இங்கும் வைத்துப் பார்க்கலாம். விளிம்புகள் எதிர்பாராத இடங்களில் விழுவதால், முகப்பில் நேரடியாக ஒட்டும்போது எல்லாவற்றையும் நடுவிலேயே வைக்கும் பழக்கமும் ஒழியும்.

ஒட்டுச்சித்திரத்தில் தோல்வி பெரும்பாலும் பசையால் வருகிறது. பிவிஏ எனப்படும் வெள்ளைப்பசை உறுதியானது, மலிவானது. ஆனால் அதில் நீர் உள்ளது. தாள் நீரை உறிஞ்சினால் விரியும், உலரும்போது சுருங்கும். அதிலும் நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே மிக அதிகமாக விரிந்து சுருங்கும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் இப்படிச் சுருங்கினால் அட்டையே வளைந்துவிடுகிறது. இதற்கு மாற்று மூன்று உண்டு. பசையை மெல்லிய படலமாகப் பூசி, சிலிகான் பூசிய ஒட்டாத் தாளை மேலே வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைக்கலாம். அல்லது அட்டையின் உட்பக்கத்திலும் அதே பசையால் ஒரு தாளை ஒட்டி, இரு பக்க இழுவையையும் சமப்படுத்தலாம். புத்தகம் கட்டுவோர் கையாளும் வழி இது. அல்லது ஈரமே இல்லாத இருபக்க ஒட்டுநாடாவுக்கு மாறலாம். பெரிய துண்டுகளுக்கும் நீர்வண்ணத் துண்டுகளுக்கும் நான் நாடாவையே பரிந்துரைப்பேன். சிறு துணுக்குகளுக்குக் குச்சிப்பசை போதும். ஒருபக்க ஒளிபுகும் ஒட்டுநாடாவை எந்நிலையிலும் தவிர்க்க வேண்டும். காலப்போக்கில் அது மஞ்சளாகி, தாளிலும் கறையை விட்டுச்செல்லும்.

மூன்றாவது முறை பட்டைகள். சட்டத்துக்கு வெட்டியதில் விழுந்த ஓரங்கள் ஏற்கெனவே பட்டைகளாகவே இருப்பதால் அவற்றுக்கு வேறு முறை தேட வேண்டியதில்லை. இதில் இரண்டு வழிகள் உண்டு. பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்போல் பின்னிச் சதுரமாக வெட்டிப் பதிப்பது ஒன்று. நெதர்லாந்தில் தோன்றிய ஐரிஸ் மடிப்பு மற்றொன்று: அட்டையில் ஒரு வடிவத்தைச் சன்னலாக வெட்டி, அதன் பின்புறத்தில் மடித்த பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே திருப்பித் திருப்பி ஒட்டிக்கொண்டே போனால், முன்புறத்தில் கேமராவின் ஒளித்துளை மூடுவதுபோல் ஒரு சுழல் உண்டாகும்.

ஐரிஸ் மடிப்பின் பெரும் நன்மை, ஒரே வரைபடத்தை வைத்து எத்தனை அட்டை வேண்டுமானாலும் ஒரே தரத்தில் செய்யலாம் என்பதுதான். ஓவியத்தில் நம்பிக்கையற்றவரும் இதில் துப்புரவான அட்டையைச் செய்துவிட முடியும். குழுவாக அமர்ந்து செய்யவும் ஏற்றது. ஆனால் மெல்லிய தாள் இல்லாவிட்டால் இது நடக்காது. மடித்த பட்டைகள் நடுவில் பல அடுக்காகச் சேர்வதால் தடித்த நீர்வண்ணத் தாளில் செய்தால் அட்டை உப்பிக்கொண்டு மூடாமல் நிற்கும். இன்னொரு குறையை நான் பெரிதாகக் கருதுகிறேன். பட்டை ஒவ்வொன்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் அகலமே வெளியே தெரிவதால், அதில் இருந்த தூரிகைத் தடம் முற்றிலும் மறைந்து நிறம் மட்டுமே மிஞ்சுகிறது. சீரான நிறம் பூசிய சோதனைத் தாள்களுக்கு இதனால் இழப்பில்லை. தடங்கள் நிறைந்த தாளை இதற்காக நறுக்குவது வீண்.

நான்காவதான கூழ் முறைக்கு ஆர்வத்தோடு ஓடுபவர்கள் பலர். தாளை நீரில் ஊறவைத்து, அரைத்து, வலைச்சட்டத்தில் அள்ளி, துணியில் கவிழ்த்துக் காயவைக்கும் அந்த வேலையில் தனி மகிழ்ச்சி உண்டு என்பது உண்மை. ஆயினும் ஓவியத் துணுக்குகளுக்கு இதை முதல் தேர்வாக நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பல நிறங்கள் சேர்ந்த கூழ் சாம்பலாகவோ மண்நிறமாகவோதான் வரும். அக்ரிலிக் படலம் கரையாமல் பிளாஸ்டிக் துகள்களாக நிற்கும். அரைத்த நீரை வடிகாலில் ஊற்றும்போது அத்துகள்களும் போய்ச் சேரும். புதிதாகச் செய்த தாளில் பசைச்சத்து ஏற்றாவிட்டால் பேனா மை பரவிவிடுவதால், வாழ்த்தை எழுதுவதே சிக்கலாகும். வண்ணம் படாத வெள்ளை ஓரங்கள் மட்டும் நிறையச் சேர்ந்திருந்தால் அவற்றைக் கூழாக்கி அடித்தாளாகப் பயன்படுத்துவது நியாயமான வழி. அதில் வண்ணத் துணுக்குகளைப் பொடியாக நறுக்கி, அரைத்து முடித்தபின் தூவிக் கலந்தால் அங்கங்கே நிறம் மின்னும் தாள் கிடைக்கும்.

எந்த முறையானாலும் அடியட்டையைப் பற்றிய முடிவு பொதுவானது. மீந்த தாளிலேயே அடியட்டையும் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் பல அட்டைகளைக் கெடுக்கிறது. பின்புறத்தில் கறையோ பழைய கோடுகளோ இல்லாத தடித்த தாள் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் 220 முதல் 250 ஜிஎஸ்எம் வரையுள்ள புதிய அட்டையை வாங்குவதே மேல். ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஏ6 அட்டை. அது சி6 என்னும் 114-க்கு 162 மில்லிமீட்டர் உறைக்குள் தளர்வாக அமரும். மடிப்பு, நார்கள் ஓடும் திசையிலேயே அமைய வேண்டும். தாளை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் கோடுதான் நார்த்திசை. மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் உலோக அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்திக் கீறி, அந்தப் பள்ளம் வெளிப்புறம் அமையுமாறு மடித்தால் முதுகு வெடிக்காது.

அஞ்சலில் அனுப்பும் எண்ணம் இருந்தால், முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே எடையையும் தடிமனையும் கணக்கிட வேண்டும். பல நாடுகளில் கடிதக் கட்டணத்தின் முதல் படி 20 கிராம். 250 ஜிஎஸ்எம்மில் செய்த ஏ5 அடியட்டை ஏறத்தாழ 8 கிராம். அதன் முகப்பு முழுவதையும் மூடும் 300 ஜிஎஸ்எம் ஓவியத் துண்டு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உறை ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம். ஆக முதல் முறையில் செய்த அட்டை படிக்குள் அடங்கிவிடுகிறது. அதன்மேல் இன்னொரு தடித்த அடுக்கு சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். நுரைநாடாவால் உயர்த்திய அடுக்குகள் எடையைவிடத் தடிமனால்தான் சிக்கலாகின்றன. கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரங்களில் அட்டை வளைந்து செல்லும்போது, உயர்ந்து நிற்கும் பகுதியின் ஓரம் உறையையே கிழிக்கக்கூடும். எனவே உயர்த்திய அடுக்குகளை நேரில் கொடுக்கும் அட்டைகளுக்கு வைத்துக்கொண்டு, அஞ்சலுக்குத் தட்டையானவற்றை ஒதுக்குவது நல்லது.

ஒரு பெட்டி நிறையத் துணுக்குகளோடு இப்போது உட்காரப்போகிறவர், முதலில் சன்னலை எடுத்துத் தடித்த நீர்வண்ணத் தாள்களைத் தேடட்டும். கிடைக்கும் நல்ல பகுதிகளை ஒருவருக்கென்று செய்யும் அட்டைகளுக்கு வைத்துக்கொள்ளட்டும். வெட்டியபின் எஞ்சும் ஒழுங்கற்ற துண்டுகள், ஏ3 அளவில் செய்யும் ஒட்டுச்சித்திரத்துக்குப் போகட்டும். ஒரே நிறமுள்ள மெல்லிய தாள்களும் ஓரப்பட்டைகளும் ஐரிஸ் மடிப்புக்கு. இவை மூன்றிலும் சேராத வண்ணத் துணுக்குகளை, கரிய அட்டையில் நகத்தளவு இலைகளாக மாற முடியுமா என்று ஒருமுறை பார்த்த பிறகே கைவிடலாம். வண்ணம் படாத வெள்ளை ஓரங்களைத் தனி உறையில் சேர்த்துவைத்து, வலைச்சட்டம் போட்டு அள்ளுமளவுக்குச் சேரும்போது கூழுக்கு எடுத்துக்கொள்ளலாம்.